பிரேம்நாத் காலில் பாய்ந்த குண்டு

வேலூர் ஆஸ்பத்திரி,
12.2.2024

என் கணவர் ராஜேஷுக்கு,

கர்த்தர் கிருபையால் பிரேம்நாத் பிழைத்துக்கொண்டான். தொடையில் பாய்ந்த குண்டுகளை எடுத்துவிட்டார்கள். கண் திறந்ததும் என் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "மாமாதான்க்கா சுட்டாரு."

முந்தின நாள் மோட்டார் தண்ணீருக்காக நீங்கள் இருவரும் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். மலையோரம் அவன் அடிபட்ட விடிகாலையில், நம் நிலத்தில் உங்கள் துப்பாக்கி வெடித்ததைக் கேட்டதாகப் போலீசிடம் நானும் சொன்னேன். கேட்டதைத்தான் சொன்னேன்.

சிறையிலிருந்து நீங்கள் போனில் பேசியபோது இதைக் கேட்க வாய் வரவில்லை. அவனைச் சுட்டீர்களா?

மெர்சி

*

வேலூர் சிறை,
17.2.2024

அன்புள்ள மெர்சிக்கு,

சுடவில்லை. நீ போலீசிடம் சொன்னதில் எனக்கு வருத்தமும் இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிக் கடலையைத் தோண்டியது. விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டேன். பிறகு மலையோரம் இன்னொரு வெடி கேட்டது. இதை யாரும் காதில் வாங்கவில்லை.

என்னுடையது லைசென்ஸ் வாங்கிய 'டுவெல்வ் போர்' ரகத் துப்பாக்கி. நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போட வேண்டும். தோட்டாவுக்குள் ஒரே அளவான சின்ன ஈயக் குண்டுகள் இருக்கும். திருட்டு வேட்டைக்காரர்களின் நாட்டுத் துப்பாக்கி வேறு. குழாய் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கந்தல் துணியை அடைத்து, கையில் கிடைத்த இரும்பையெல்லாம் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள்.

அவன் காலிலிருந்து எடுத்தது என்னவென்று டாக்டரிடம் கேள். அதை நம் வக்கீல் தில்ஷாத் மேடத்திடம் சொல். சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறாதே.

ராஜேஷ்

*

ஆம்பூர்,
26.2.2024

அன்புள்ள உங்களுக்கு,

கேட்டேன். எல்லாம் இரும்புக் குண்டுகளாம், சைக்கிள் பேரிங்கில் இருப்பது மாதிரி. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கூடவே கருகிய துணி. குண்டுகளையும் உங்கள் துப்பாக்கியையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லி தில்ஷாத் மேடம் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்.

பிரேம்நாத்துக்கு என் மேல் கோபம். "துப்பாக்கின்னா எல்லாம் ஒண்ணுதானேக்கா? அந்தாளுக்காக இன்னாத்துக்கு அலையற?" என்றான்.

"உனக்காகவும்தான்டா. சுட்டவன் வெளிய சுத்திக்கினு இருந்தா?" என்றேன்.

ஷூ கம்பெனியில் அடிக்கடி லீவு கேட்கிறேன். சூப்பர்வைசர் முகம் சரியில்லை. பார்த்துக்கொள்கிறேன்.

மெர்சி

*

வேலூர் சிறை,
29.4.2024

அன்புள்ள மெர்சிக்கு,

இன்று தில்ஷாத் மேடம் வந்தார். சோதனைக்கூட அதிகாரி ஹுமேரா என் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தாராம். காலில் இருந்தவை என் தோட்டாவிலிருந்து வந்தவை அல்ல, நாட்டுத் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை விடுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. இந்த முடிவு வருவதற்கு முன் என்னை நம்பினாயா?

ராஜேஷ்

*

ஆம்பூர்,
1.5.2024

அன்புள்ள உங்களுக்கு,

பாதி நம்பினேன். மீதிப் பாதிக்காகத்தான் அலைந்தேன்.

மலையில் ஒருவனை நாட்டுத் துப்பாக்கியோடு பிடித்திருக்கிறார்கள். பன்றி என்று நினைத்துச் சுட்டதாக ஒப்புக்கொண்டான். கேட்டதிலிருந்து பிரேம்நாத் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். இன்று காலை கோலை ஊன்றிக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழம நானும் வர்றேன். மாமாகிட்ட நானே பேசிக்கறேன். நீ குறுக்க பேசாத."

ஆட்டோ சொல்லிவிட்டேன். பின் சீட்டில் அவன் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். நாம் இருவரும் ஓரமாக நெருங்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

உங்கள் மெர்சி