டிரைவர் நீங்கலாக ஐந்து பேர்

அண்ணா,

இன்று மதியம் மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். பிள்ளைகள் ஏற்காட்டு ஏரியைப் பார்த்து ஓட, பெரியவர்கள் துண்டையும் சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். வேனை ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பன்னெண்டு டீ போடுங்க" என்றார். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். அந்த வாசனை எழும்பும்போதே பழக்கத்தில் கை பதின்மூன்று டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டது. அந்த மனிதர் பதின்மூன்றாவதை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்பக்கமாகப் போய் நின்று குடித்தார். நீங்களும் அங்கேதான் நிற்பீர்கள்.

நம் ஊர்க் கடைகளில் டிரைவருக்குக் காசு வாங்குவதில்லை. ஆட்களைக் கூட்டிவந்ததற்கு அது ஒரு மரியாதை. காசில்லாத டீ என்பதால், எந்த டிரைவரும் தன்னைச் சேர்த்து எண்ணிச் சொல்வதில்லை. டீக்கு மட்டுமா? ரூமுக்கு, சாப்பாட்டுக்கு, படகுக்கு என்று எதற்குக் கேட்டாலும் டிரைவர் நீங்கலாகத்தான் கணக்கு. ஆயுசில் பாதியை ஸ்டியரிங் முன்னால் கழித்த நீங்களும் அப்படித்தான் எண்ணினீர்கள். அந்தக் கணக்கைக் கொண்டைஊசி வளைவுகளோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடல் தாண்டியும் கொண்டுபோகப் பார்த்தீர்கள். அதை நினைத்துச் சிரித்தபடியே டம்ளர்களைக் கழுவினேன், பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளிநாட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். பொங்கல் கூட்டமெல்லாம் மலை இறங்கிப் போன மறுநாள், மஞ்சக்குட்டையில் உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் கையை உதறிவிட்டுச் சொன்னீர்கள்: "ஊரு உலகத்தையெல்லாம் ஏத்தி எறக்கியாச்சு. ஒருக்கா நம்மளும் ஏறிப் போவோமுங்க."

"எங்கீங்க மச்சான், ஊட்டிக்குங்களா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலாகக் கேட்டார்.

"மலையக் காட்டிக் காட்டியே மண்டை நரைச்சுப் போச்சு மாப்ள. கடலுக்குப் போலாம். அதுவும் வெளிநாட்டுக் கடலு."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம நாட்டுக் கடலையே நான் பாத்ததில்லீங்க" என்றார். உண்மைதான். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பறிப்பதும், அதைவிட்டால் வீடும், எப்போதாவது சேலமும். அதற்கு மேல் அண்ணி எங்கே போயிருக்கிறார்? நீங்கள் ஊரையெல்லாம் இராமேசுவரம், கன்னியாகுமரி என்று கூட்டிப் போவீர்கள். வண்டியில் இடம் இருக்காது, இல்லாவிட்டால் பறிப்பு நேரமாக இருக்கும். அன்றைக்கு நீங்கள் அண்ணியைப் பார்த்து, "அப்ப மொதல்ல அந்தக் கடலயே பாத்துக்க. சன்னலோரம் சீட்டு உனக்குத்தான், யாரு கேட்டாலும் குடுக்காத" என்றீர்கள். அண்ணிக்கு வெட்கம் வந்துவிட்டது. ஐம்பது வயதில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

வியட்நாம் என்று தேர்ந்தெடுத்தது உங்கள் மகள் தேன்மொழி. பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கிற பெண் போய்வந்திருந்தாளாம். செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். ஒரு மலை ஊர் வந்தது. குளிர், மூடுபனி, சரிவெல்லாம் காப்பித்தோட்டம். அண்ணி பதறிப்போனார். "அங்க போயும் கொட்டை பறிக்கறதா? வேண்டாஞ் சாமி, அடுத்ததக் காட்டு." அப்படித்தான் கடற்கரை ஊர் முடிவாயிற்று.

சேலத்தில் பேக்கேஜ் டூர் போடுகிற ஒருவரைக் கேட்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் உங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எனக்கே பேக்கேஜா? காத்தால தூக்கத்துல எழுப்பி ஏத்துவான், அவனுக்குக் கமிசன் குடுக்கற கடையில கொண்டுபோய் எறக்குவான். எனக்குத் தெரியாதுங்களா?" தெரியும்தான். என் கடைக்குப் பாதி ஆட்களை அப்படித்தானே இறக்கினீர்கள்! நாமே திட்டம் போட்டு நாமே போவது என்று அடித்துச் சொல்லிவிட்டீர்கள்.

சொன்னபடி போட்டீர்கள் பாருங்கள் ஒரு திட்டம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் எட்டு இடம். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ரோஜாத் தோட்டம் என்று விரட்டி விரட்டிக் காட்டிய கை சும்மா இருக்குமா? "அண்ணா, இது லீவா இல்ல டிரிப்பா?" என்று நான் கேட்க, "போன எடத்துல தூங்கறதுக்கு இங்கயே தூங்கிக்கலாம்" என்று நீங்கள் எரிந்து விழ, நாள் முழுக்கச் சண்டை. அந்த ஊர் ஓட்டலுக்குத் தேன்மொழியை விட்டு நீங்கள் அனுப்பச் சொன்ன கேள்விகளை இப்போது நினைத்தாலும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? டிரைவர் படுக்க இடம் உண்டா? குளிக்கச் சுடுதண்ணீர் கொடுப்பார்களா? தேன்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, நமக்கு வண்டியும் இல்ல, டிரைவரும் இல்லப்பா." நீங்கள் திருதிருவென்று விழித்தீர்கள்.

பாஸ்போர்ட்டுகள் வந்ததும் அவற்றைச் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். புது வண்டி எடுத்தால் சாவியைச் சாமி காலடியில் வைப்பதுபோல வைக்க வேண்டும் என்று உங்களுக்கு. குனிந்து குகைக்குள் போனதும் பூசாரி கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த வண்டி புக்குங்க?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்குச் சக்கரம் இல்லை. இருந்திருந்தால் கீழே எலுமிச்சம்பழமும் வைத்திருப்பீர்கள். திரும்பி வந்து அண்ணி, தேன்மொழி, எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று ஐந்து பேருடையதையும் ரப்பர் பேண்டு போட்டு அண்ணியிடம் கொடுத்தீர்கள். உங்களுடையதை மட்டும் லைசென்ஸ், ஆர்.சி. புத்தகத்தோடு வேன் டேஷ்போர்டில் வைத்தீர்கள். உங்கள் சாமான் எதுவும் வீட்டுக்குள் இருந்ததே இல்லை.

சேலத்துக்கு ஒரு சவாரி போனபோது அந்தப் பாஸ்போர்ட் கட்டை எடுத்துப்போய் பிரவுசிங் சென்டரில் ஆவணிக்கு டிக்கெட் எடுத்து வந்தீர்கள். எத்தனை பேர் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "அஞ்சு பேரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். கையில் ஐந்து பாஸ்போர்ட், கேட்ட கேள்விக்குச் சரியான பதில், அவர்கள் என்ன செய்வார்கள்? அண்ணிக்குச் சன்னலோரம் வேண்டும் என்று கேட்டு, தனியாகப் பணம் கட்டி வாங்கியிருக்கிறீர்கள். அது நினைவிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தேன்மொழி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, உங்க டிக்கெட் எங்கப்பா?"

நீங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். விளங்கியதும் உங்களுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, டிரைவரு எங்கியாச்சும் டிக்கெட் எடுப்பானா கண்ணு?" என் மகன் கதிர் விடவில்லை. "அப்பப் பிளேன நீங்கதான் ஓட்டறீங்களா மாமா?" அண்ணி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சவாரியில் எடுத்துக்கொள்ளலாம் என்றீர்கள். அடுத்த சவாரி வந்தது, போனது. அப்புறம் சீசன் தொடங்கிவிட்டது. மலர்க் கண்காட்சிக் கூட்டம், மூச்சுவிட நேரமில்லை. "சீசன் முடியட்டும்" என்றீர்கள்.

சீசன் முடிந்தது. வைகாசியில் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவில்லை.

கீழே நம் சொந்த ஊரில்தான் எல்லாம் செய்தோம். காரியம் முடிந்து வரும்போது அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். வழியனுப்ப வந்த பெரியம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசத்துக்கு மலை ஏறக் கூடாது சாமி. எந்த மலையும் ஏறக் கூடாது" என்றார். கோயில் மலைக்குச் சொல்கிற வழக்கம் அது. பழக்கத்தில் அவர் வாயில் வந்துவிட்டது. அண்ணி நிமிர்ந்து, மழையில் நனைந்துகொண்டு மேலே போகிற ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ற ஊடே மேலதானுங்களே அத்த. நான் எங்க போவேன்?"

மேலே வந்த அண்ணி வீட்டுக்குள் போனவர்தான். தோட்டத்துக்குப் போகவில்லை. தேன்மொழி பெங்களூருக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. பயணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் வர்லீங்க கண்ணு. நீங்க போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணி இல்லாமல் நாங்கள் என்ன போவது? விட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நானும் சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது அண்ணா. இதற்கு எழாவிட்டால் அண்ணி இனி எதற்கும் எழ மாட்டார், வீட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டு அப்படியே இருந்துவிடுவார் என்று.

இதற்கு நடுவில் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு கதை கட்டினார்கள். டிக்கெட் விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. "அவருக்கு முன்னமே தெரிஞ்சிருக்குதுங்க. அதான் தனக்கு மட்டும் எடுக்கல" என்று ஆளுக்கு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கடையிலேயே நின்று சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்திருந்தால் மாத்திரை வாங்கிப் போட்டிருக்க மாட்டீர்களா? ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களோடு சண்டை போட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி மூடவில்லை. போன வாரம் இரண்டு பெண்கள் அவரிடமே போய் அதைச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை மஞ்சக்குட்டை பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கினார். நீங்கள் போனபின் அண்ணி ஏற்காட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. முகமெல்லாம் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏங் கண்ணு, அவருக்கு எல்லாந் தெரியுமாமே? தெரிஞ்சுதான் ஒதுங்கிட்டாராமே? நேத்து ரண்டு பேரு எங்கூட்டுல வந்து சொல்றாங்க. அவருக்கு ஒண்ணுந் தெரியாது. அது டிரைவருங்க எண்ணற கணக்கு, அவ்வளவுதான். வர்றதுக்கு நொம்ப ஆசைப்பட்டாரு. புதுச் சட்டை ரண்டு எடுத்து வெச்சிருக்கறாரு."

நான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டேன். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அத்தன வருசம் ஊரானக் கூட்டிட்டுப் போனாருங்க கண்ணு. உன்னயக் கூட்டிட்டுப் போறேன்னு எங்கிட்டச் சொன்னது இது ஒண்ணுதான். நான் போகாம இருந்துட்டா அவரு சொன்னது பொய்யாப் போயிராதா?"

கல்லாவை மூடிவிட்டு, அண்ணியைப் பக்கத்துச் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போய் நடக்கத் தோதான ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். புடவைக்குக் கீழே அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. உங்களுக்குப் பின் அண்ணி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆவணி பிறந்ததும் கிளம்புகிறோம். இப்போது திட்டம் என் கையில். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு நாளு எங்கயும் போகாம, கடலப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கலாமா கண்ணு?" அதற்காக நீங்கள் போட்ட திட்டத்தில் நடுவில் ஒரு நாளை முழுசாகக் காலியாக விட்டுவிட்டேன். நீங்கள் இருந்தால் குதித்திருப்பீர்கள். குதிக்க ஆளில்லாமல் திட்டம் போடுவது நன்றாகவே இல்லை அண்ணா.

அந்த நாள் எனக்கும் வேண்டும். அண்ணியிடம்கூட இதைச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். காரியம் முடிந்த கையோடு கடை திறந்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் சந்தோஷமாக வருகிறவர்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள். அவர்கள் முன்னால் அழுத முகத்தோடு நிற்க முடியாது, நின்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். சிரித்தபடியே வியாபாரம் பார்த்துப் பார்த்து, எனக்கு இன்னும் உங்களுக்காக அழ வாய்க்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதிர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அங்கேயும் முடியவில்லை. அது அப்படியே உள்ளே இருக்கிறது. அதைத்தான் எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகிறேன்.

அங்கே எனக்குக் கடை கிடையாது. நான் எப்படி இருந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அண்ணி முதன்முதலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அண்ணா என்று உங்களைக் கூப்பிட்டு, சத்தம் போட்டு அழப் போகிறேன்.