வெள்ளையாக விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். முழங்கால் வலி போய்விட்டது என்று உன் அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன், நீ நம்ப வேண்டாம், மாடிப்படியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள். உன் அண்ணன் புது வலை வாங்கியதிலிருந்து வீட்டில் தங்குவதில்லை, சாப்பிட மட்டும் ஞாபகமாக வருகிறான்.

உன் கடிதம் கிடைத்தது. செயற்கைக்கோள் எடுக்கும் கடல் வெப்பப் படத்தில் மேகம் மறைத்த இடங்களை நீங்கள் வெள்ளையாக விடுகிறீர்கள், படம் பொத்தல் பொத்தலாக இருக்கிறது என்று மேலதிகாரி குறைப்படுகிறார், அக்கம்பக்கத்து எண்களை வைத்துக் கணக்குப் போட்டு அங்கேயும் வர்ணம் பூசி, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார், போடலாமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ஏட்டைச் சரிபார்த்தவன் நான். வீடு பூட்டியிருந்தால் போன மாதத்து அளவையே எழுதிவிடுவது எங்கள் வழக்கம். ஒரு கட்டமும் காலியாக இருக்காது, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். பூட்டிய வீடு ஒன்றுக்கு அப்படிப் பதினோரு மாதம் எழுதினோம். உள்ளே குழாய் உடைந்து பின்சுவர் சரிந்த அன்றும் எங்கள் ஏட்டின்படி அந்த வீட்டில் எல்லாம் சாதாரணம். அடியில் என் கையெழுத்து, நல்ல கையெழுத்து. தெரியாது என்று எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை, கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு உயரத்தில் பறந்துகொண்டு தண்ணீரின் சூட்டைத் தொடாமலே ஒரு கருவி அளப்பது எனக்கு ஆச்சரியம்தான். நடுவில் மேகம் வந்தால் நான் பார்க்கவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறதே, அது அதைவிட ஆச்சரியம். எங்கள் அலுவலகத்தில் அதற்கு வேலை கிடைத்திருக்காது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல நீ அனுப்பிய கடல் படத்தை முனைக் கடையில் பிரிண்ட் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கும் ஓரத்தில் மீன் கூடும் என்று அதைப் பார்த்துத்தானே போகிறார்கள். அன்று தெற்குப் பக்கம் முழுக்க வெள்ளை. பக்கத்துப் படகுக்காரர், எதையும் மெதுவாகவே செய்வதால் எக்ஸ்பிரஸ் என்று பேர் வாங்கினாரே, அவருடைய போனில் ஏதோ கம்பெனியின் படம், ஒரு பொத்தல் இல்லை, மீன் கூடும் ஓரம் தெற்கே ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஓடியது. "உன் தங்கச்சி மேப்பை எலி கடிச்சிருக்குடா, தைக்கச் சொல்லு" என்றாராம். உன்மேல் இருக்கும் மரியாதையை உன் அண்ணன் வீட்டில் காட்டியதில்லை, கடலுக்குப் போகும்போதுதான் எடுப்பான் போலிருக்கிறது. "அவளுக்குத் தெரியலைன்னா யாருக்கும் தெரியலைன்னு அர்த்தம், நான் அந்தப் பக்கம் வரலை" என்று சொல்லிவிட்டு வடக்கே போனான். ஒரு கூடை பொடிமீனோடு, பேச்சு வாங்கத் தயாராகத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் வயர்லெஸ்ஸில் எக்ஸ்பிரஸின் குரல். நீ வெள்ளையாக விட்ட இடத்தில் மீனும் இல்லை, ஓரமும் இல்லை, உன் படத்தை மறைத்த மேகம்தான் மழையும் காற்றுமாக நின்றிருக்கிறது. இன்ஜினில் தண்ணீர் புகுந்து படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. உள்ளே மூன்று பேர். அண்ணன் போய்க் கயிறு கட்டி இழுத்துவர ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரமும் உன் அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை, நான் செய்தித்தாளில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எல்லா இடத்துலயும் கலர் இருந்துச்சு சார், பாத்துட்டுத்தான் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அதுல ஒரு ஓட்டை இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றார்.

ஆகவே அம்மா, கணக்கே போடாதே என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்ட இடத்தில் சாய்கோடு போட்டு, இது பார்த்தது, இது ஊகித்தது என்று எழுதிக் கொடு. அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதே. கோபித்தால் கோபிக்கட்டும், மேலதிகாரியின் கோபத்தில் படகு கவிழ்ந்ததாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை. உனக்குத் தொல்லை வரலாம், தெரிந்தேதான் எழுதுகிறேன். வந்தால் உன் அறை இங்கே காலியாகத்தான் இருக்கிறது, அண்ணன் வலையை எடுத்தால் நடக்கவும் இடம் கிடைக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் உன் படம் வந்ததும் படகுத்துறையில் யாரும் முதலில் மீனைக் கேட்பதில்லை. எக்ஸ்பிரஸ்தான் ஆரம்பித்து வைத்தார், "தங்கச்சிக்கு இன்னைக்கு எங்கெங்க தெரியலையாம்?" என்கிறார். அந்த இடங்களைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்ட பிறகுதான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். ஒருத்தி தெரியாது என்று சொன்னதை நம்பி இத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்புவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்த தலையோடு நீண்ட நாள் இரு. திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு அவரைப் பார்க்கப் போகாதே, பசியில் மனிதர்கள் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அப்பா