தட்டோடு ஓடிப்போகிறவன் உண்டா

திருத்துறைப்பூண்டி
6-10-1997

அன்பு மகள் அனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிரின்ஸிக் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேளாங்கண்ணி மாதாவிடம் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குச் சுகம், எனக்கு மனசுதான் சுகமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் பெரிய மாமா அடைக்கலராஜை அவர் தங்கிப் படித்த போர்டிங்கே பட்டாளத்துக்கு அனுப்பியது. அனுப்பிவிட்டு, ஓடிப்போய்விட்டான் என்று உன் தாத்தாவிடம் பொய் சொன்னது. அந்தப் பொய்யை ஐம்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் சோற்றோடு சேர்த்துத் தின்றிருக்கிறோம். இப்போது பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசு என்று, யுத்தத்துக்குப் போன பிள்ளைகள் பேரை வெட்டிக் கல் வைக்கிறார்கள், அதிலும் அவர் பேர் இல்லை.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பூத்தில் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு அழுகைதான் வருகிறது, பேச்சு வரவில்லை. அதனால் பொறுமையாகப் படி. ஆடி மாசம் பூசை முடிந்ததும் கோவிலில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். போர்டிங்கில் இருந்து யுத்தத்துக்குப் போன பழைய மாணவர்கள் பேரைத் திரட்டுகிறோம், தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. உன் அப்பா, பழைய சட்டியைச் சுரண்டாதே விண்ணரசி, அடியில் ஓட்டைதான் இருக்கும் என்றார். நான் கேட்கவில்லை, மறுநாளே பஸ் ஏறிப் போனேன். செல்லதுரை என்று சரித்திர வாத்தியார் ஒருவர்தான் இதற்குப் பொறுப்பு. நல்ல பிள்ளைதான், ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் பயந்த பிள்ளை. பழைய பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சொல்லாமல் ஓடிப்போனவர் என்று இருக்கிறதம்மா, ஓடினவரையெல்லாம் கல்லில் போட்டால் நாளைக்குப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்றார். அதே வார்த்தையைத்தான் அந்தக் காலத்தில் உன் தாத்தாவிடமும் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். அண்ணனுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா நடந்து வந்தது கண்ணிலேயே நிற்கிறது. பெட்டியில் வேட்டி சட்டை, செபமாலை எல்லாம் இருந்தன, சாப்பிடுகிற தட்டு மட்டும் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று போர்டிங் சாமியார் சொன்னாராம்.

அந்தத் தட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் போர்டிங்குக்குப் போகிற பிள்ளை தன் தட்டைத் தானே கொண்டுபோக வேண்டும். ஈயம் பூசிய பித்தளைத் தட்டு, விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். அண்ணனுக்கு வெட்டும்போதே, அடுத்த வருஷம் கன்னியர் போர்டிங்குக்குப் போக வேண்டியவள் என்று எனக்கும் ஒன்று வெட்டி வைத்தார்கள். அண்ணன் போன பிறகு அப்பா என்னை அனுப்பவே இல்லை. ஒரு போர்டிங் ஒரு பிள்ளையைத் தின்றது போதும் என்றுவிட்டார். நான் எழுத்தே அந்தத் தட்டில்தான் படித்தேன். விண்ணரசி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததை விரலால் தடவித் தடவி, பிறகு ஞானோபதேசப் புத்தகத்தில் அதே எழுத்துகளைத் தேடித் தேடிக் கூட்டினேன். உங்களையெல்லாம் படிக்க வைத்தேனே, அந்த வீம்பு அங்கே பிடித்ததுதான்.

வாத்தியார் சொன்னதோடு நான் விடவில்லை. கல்லில் இருக்கிறவர்களில் உயிரோடு இருப்பவர்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கி ஒவ்வொருவராகத் தேடினேன். வேதாரண்யத்தில் ஒருவர் இறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை, என்னைப் பால்காரி என்று நினைத்துச் சொம்பை நீட்டினார். கடைசியாக முத்துப்பேட்டையில் ஜெய்னுலாபுதீன் என்று ஒரு பாய். அண்ணனோடு ஒரே போர்டிங், ஒரே லாரிப் படை. யுத்தம் முடிந்து பினாங்கிலேயே கடை போட்டுவிட்டவர், போன வருஷம்தான் ஊரோடு வந்திருக்கிறார். நான் அடைக்கலராஜ் தங்கச்சி என்றதும் எழுந்து நின்றுவிட்டார், முட்டி வலிக்காரர். இன்றைக்கும் போர்டிங் தட்டில்தான் சாப்பிடுகிறார். அவர் சம்சாரம் ரசியா பேகம், வாங்க அக்கா, இதுதான் இவருக்கு மூத்த சம்சாரம், நான் ரெண்டாவதுதான் என்று அந்தத் தட்டைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற துரை பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்தாராம். சாமியார் உயரமான பையன்களாகப் பார்த்து நிறுத்தினாராம். வீட்டில் கேட்டால் அம்மாமார் வந்து காலைக் கட்டிக்கொள்வார்கள், நீங்கள் போய்ச் சேர்ந்து கடுதாசி போடுங்கள் என்று சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாராம். பாய் நெற்றியிலும் போட வந்துவிட்டு, நீ ஜெய்னுலாபுதீன் அல்லவா என்று தலையைத் தடவினாராம். மற்றவர்கள் கடுதாசி வீடு வந்து சேர்ந்து உண்மை தெரிந்தது, அண்ணன் கடுதாசி எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது நான் தட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏம்மா, தட்டெல்லாம் பாத்திர அறையில் பூட்டியிருக்கும், சாவி சாமியார் இடுப்பில் இருக்கும், சாப்பாட்டு மணி அடித்தால்தான் கதவு திறக்கும், சுவர் ஏறிக் குதிக்கிறவன் கையில் தட்டு எப்படி வரும், நாங்கள் கிளம்பின அன்றைக்குச் சாமியாரே அறையைத் திறந்து அவரவர் தட்டை அவரவர் கையில் கொடுத்தார் என்றார். அனிட்டா, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. அந்தப் பாத்திர அறை எங்களில் யாருக்குத் தெரியும்? அப்பா போர்டிங் வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை, சாமியார் சொன்னார், அவர் நம்பினார்.

சிங்கப்பூர் விழுந்தபோது இரண்டு பேரும் பிடிபட்டார்களாம். அண்ணனை ஜப்பான்காரன் கப்பலில் ஏற்றி எங்கோ தீவுக்குக் கொண்டுபோனான், அடைக்கலராஜ் தட்டை இடுப்புத் துணியில் கட்டிக்கொண்டு ஏறினான், அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை என்று பாய் சொன்னார். நீ தினமும் வேலைக்குப் போகிற ஊரிலிருந்துதான் அந்தக் கப்பல் கிளம்பியிருக்கிறது.

திரும்பி வந்து செல்லதுரை வாத்தியாரிடம் எல்லாம் சொன்னேன். தட்டை வைத்துச் சரித்திரம் எழுத முடியாதம்மா என்றார். உங்கள் சரித்திரத்தை விட என் தட்டு கெட்டி தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வீம்பெல்லாம் போய்விட்டது. உன் தாத்தா சாகும்வரை இராச் செபத்தில் அண்ணன் பேரைச் சொல்ல விடவில்லை. ஒரு பூசை வைக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, ஓடினவன் வந்தால் தண்ணி கொடு, தட்டு வைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று ஊர் சொன்னது. அவரைக் கல்லாக்கினது யார்?

மேட்டூர்த் தண்ணீர் தாமதம், குறுவை இல்லை, சம்பாவை நேரடியாக விதைத்திருக்கிறோம். அதையெல்லாம் அப்பா தனியாக எழுதுவார். இப்போது ஆகவேண்டியதைச் சொல்கிறேன். லீவு நாளில் நீ அங்கே கிராஞ்சியில் இருக்கிற பட்டாளத்துக் கல்லறைக்குப் போக வேண்டும். உடல் கிடைக்காதவர்கள் பேரை அங்கே சுவரில் வெட்டியிருக்கிறார்கள் என்று பாய் சொன்னார். மாமா பேர் இருந்தால் தொட்டுப் பார், போட்டோ எடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் இல்லை என்றே எழுது, எனக்காக ஒன்றும் பூசி மெழுகாதே. பட்டாளத்து ஆபீசுக்கு இங்கிலீஷில் மாப்பிள்ளை எழுதட்டும், எந்தத் தீவு, எப்போது என்று. உன் தம்பி கிளாட்சன் கார் பிடித்து பாயைக் கூட்டிக்கொண்டுபோய், அவர் சொல்வதை வக்கீல் முன்னால் எழுதி வாங்கி, தலைமையாசிரியர் கையில் கொடுக்க வேண்டும். அவனுக்கு நீ போன் போட்டுச் சொல், நான் சொன்னால் கம்ப்யூட்டர் கிளாஸ் என்கிறான். பூசைக்குச் சொல்வது உன் அப்பா பொறுப்பு, சரி என்றுவிட்டார். செல்லதுரை வாத்தியார் கல்லில் பேரை வெட்ட வேண்டும், பதிவில் அந்த ஓடிப்போனவர் என்பதை அடிக்க வேண்டும். அடிக்கிறவரை நான் வாரா வாரம் போய் உட்காருவேன். கல்லறைத் திருநாள் அன்று உன் தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றி, அண்ணன் ஓடவில்லை அப்பா என்று அவரிடம் சொல்ல வேண்டியது நான். அன்று இராச் சாப்பாட்டுக்கு என் தட்டில் அண்ணனுக்குச் சோறு வைக்க வேண்டியதும் நான்தான்.

பிரின்ஸி நெற்றியில் நான் போட்டதாக ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உட்கார்ந்து, தட்டு வைத்துச் சாப்பிடு.

உன் அம்மா
விண்ணரசி