அக்கரையில் உருகும் பனி

பிப்ரவரி 19

அன்பு மகள் குன்னெய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீ அங்கே நகரத்தில் எப்படி இருக்கிறாய்? ஆஸ்பத்திரியில் வேலை நேரம் மாற்றிக் கொடுத்தார்களா? லாரி டிரைவரிடம் உறைந்த மீன் ஆறும் வெண்ணெய் ஒரு டப்பாவும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வழக்கம்போல தோழிகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறும் ரொட்டியைத் தின்னாதே. சொல்ல வந்ததைப் போனில் சொல்ல முடியாது, ஊராட்சி அலுவலக வாசலில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே நான் இருமினாலே ஊர் முழுக்கக் கேட்கும்.

போன கோடையில் ஆற்றுக்கு அக்கரைக் காடு எரிந்ததே, முதல் பனி விழுந்ததும் தீயணைக்க வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தீ முழுக்க அணைந்துவிட்டது என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டது உன் அப்பா. முப்பத்தொரு வருஷம் வனக்காவலர், நடந்து பார்க்காத இடத்துக்குக் கையெழுத்தே போடாதவர். இந்தத் தடவை முழங்கால் வலி, மேலே இருந்து அவசரம், பனி வேறு மூடிவிட்டது, இக்கரையில் நின்று பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார். தீ அணையவில்லை குன்னெய். காலங்காலமாக மக்கிக் கிடக்கிற பாசிக்கும் வேருக்கும் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தைந்து டிகிரி குளிர், தரைக்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கிறது.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு பஹிலாயின் குதிரைகள்தான். குளம்பால் பனியைத் தோண்டி மேய வேண்டியவை, ஜனவரியில் மேய்ச்சலை விட்டுவிட்டு அக்கரையில் பனியே இல்லாத ஒரு கறுப்புத் தரையில் போய்ப் போய் நின்றன. “என் குதிரைங்களுக்கு யாரோ கணப்பு போட்டு வெச்சிருக்காங்க அக்கா, கொடுத்து வெச்சதுங்க” என்று சிரித்தார் மனுஷன். ஒரு வாரம் கழித்து செம்பட்டைக் குதிரையின் முன்னங்கால் தோள் வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே ஓடு மாதிரி தரை, கீழே வெறும் தணல். இழுத்து எடுத்தபோது கால் வெந்திருந்தது. அவரே அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், “அணைஞ்சிடுச்சுன்னு கையெழுத்து போட்டது நீதானேய்யா? போய் அந்தக் குதிரைகிட்ட சொல்லு” என்றார்.

மறுநாளிலிருந்து அப்பா பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு மண்வாரியோடு அக்கரை போகிறார், தினமும். அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டு போனேன். பனியை அள்ளி அள்ளி அந்தக் கறுப்புத் திட்டுகள் மேலே போட்டு, போர்வையை இழுத்து விடுகிற மாதிரி தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். போடப் போட உருகுகிறது, ஓரத்தில் புகை வருகிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “மேலதிகாரிங்க ஹெலிகாப்டர்ல பறந்தா கறுப்பா தெரியுமில்ல” என்கிறார். தெரியட்டுமே என்றேன். “இன்னும் ஏழு மாசம்தான்டி வேலை. பேரும் சேர்ந்து போகணுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் அள்ள ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பும்போது அவருடைய தடத்தின் மேலேயே இன்னொரு தடம் பார்த்தேன், அகலமாக, நகத்தோடு. யாரென்று உனக்குத் தெரியும், பெயரைச் சொன்னால் காட்டில் அவர் காதில் விழும், சொல்ல மாட்டேன். குளிர்காலம் முழுக்க, வசந்தம் வரைக்கும், குழிக்குள் தூங்க வேண்டிய அடர்ந்த ரோமக்காரக் காட்டுத் தாத்தா, படுக்கை சுட்டு எழுந்துவிட்டார், தின்ன ஒன்றும் கிடைக்காமல் அலைகிறார். அப்பாவிடம் காட்டினேன். “பாத்தேன். மூணு நாளா பின்னாலதான் வர்றாரு” என்றார், பால்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. காலையில் அடுப்புத் தீக்குப் படையலாக வெண்ணெய் அப்பம் போடும்போது இப்போது அக்கரைத் தீக்கும் சேர்த்து ஒன்று போடுகிறேன்.

ஆற்றுப் பனிக்கட்டி ஏப்ரல் கடைசி வரைதான் வண்டியைத் தாங்கும். அதற்குள் புல்டோசர் அக்கரை போய் மண்ணைக் கிளறி, தணலை வெளியே இழுத்து இந்தக் குளிரில் கொட்ட வேண்டும். ஆறு உருகிவிட்டால் எதுவும் போக முடியாது, மே மாதக் காற்றுக்கு இந்த ஆறு ஒரு தடையே இல்லை. இங்கே நாற்பத்திரண்டு வீடு இருக்கிறது. அதனால் இந்த உறைக்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன், அங்கே தலைமை வன அலுவலகத்தில் கொடுக்க. எந்த இடம், எத்தனை திட்டு, குதிரை செத்தது, ஆற்றைத் தாண்டாமல் கையெழுத்துப் போட்டது, எல்லாம் எழுதியிருக்கிறேன், கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டார், உன்னோடும்தான். தபாலில் போடாதே, திங்கட்கிழமை நீயே கொண்டு போய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கு. அப்பா பாவம் என்று பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, நீ அப்படிச் செய்யக்கூடியவள்.

நோய் நொடி அண்டாமல், தொட்டதெல்லாம் துலங்கி நன்றாக இருப்பாய் மகளே. காதை மூடாமல் வெளியே போகாதே. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நாளையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நானும் அவரோடு அக்கரை போகிறேன். அவர் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டு இருக்கட்டும். அதிகாரிகள் வந்து இறங்குகிற வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் நான் நிற்பேன்.

உன் அம்மா,
தார்யா