காற்று மட்டும்

ஜனவரி 23, 1986, வியாழன்

காப்பி ஆறிவிட்டது. அப்பா தொடவில்லை. வேண்டாமா, கசக்கிறதா, கோப்பை பிடிக்கவில்லையா? அம்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கிலீஷும் போயிற்று, வீட்டில் பேசும் எங்கள் பிரெஞ்சும் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. அம்மா தாளம் போடும் தன் இரும்பு முக்கோணத்தை எடுத்து வால்ட்ஸ் நடனத்தின் ஒன்று இரண்டு மூன்று கணக்கில் தட்டுவாள். உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது கழன்றதுபோல முழுப் பாட்டும் சொல் பிசகாமல் வரும். அதையே அவர்கள் இருவரும் பேச்சாக்கிக்கொண்டார்கள். மழையில் நனைந்து ஒரு வீட்டு வாசலில் நிற்பவனின் பாட்டு என்றால் காப்பி. பாதி வழியில் வண்டிச் சக்கரம் உடைந்த பாட்டு என்றால் வலி. அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு "எங்க?" என்பாள். அப்பா வலிக்கிற இடத்தில் கையை வைப்பார்.

போன வாரம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் தம்பி நோலன் அக்கார்டியனைப் பெட்டிக்குள் வைத்துக் கொக்கி மாட்டி அலமாரி மேல் ஏற்றினான். என் ஃபிடிலுக்கும் கை நீட்டினான். கொடுத்தேன். துக்க வீட்டில் ஒரு வருஷம் வாத்தியமும் பாட்டும் இல்லை. எலோடி அத்தை முக்கோணத்தைக் கறுப்புத் துணியில் சுற்றினாள்.

"அப்பா மட்டும் பாடலாம்தானே, அத்தை?"

"உங்கம்மா குழி இன்னும் காயல, யூலா. மூணு தலைமுறையா ஊரையே ஆட வெச்ச வீடு இது. நாமளே மரியாதை வெக்கலன்னா வேற எவன் வெப்பான்?"

ஜனவரி 26

காலையில் அப்பா வாயைத் திறந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டாவி.

பிப்ரவரி 11, செவ்வாய்

மார்டி க்ரா, தவக்காலத்துக்கு முந்தின நாள் திருவிழா. முகமூடிக் குதிரைக்காரர்கள் வீடு வீடாகக் கோழி கேட்டு வரும் நாள். முன்னெல்லாம் வாத்தியக்காரர்களின் வண்டியில் அப்பாதான் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிறகு நோலன். இந்த வருஷம் வேறு யாரோ.

பக்கத்து வயலைத் தாண்டும்போதே பாட்டு கேட்டது. அப்பா ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். எங்கள் கேட்டுக்கு வந்ததும் சட்டென்று நின்றது. தலைவன் வெள்ளைக் கொடியைத் தாழ்த்தித் தொப்பியைக் கழற்றினான். குடித்திருந்தவர்கள்கூடச் சத்தம் போடவில்லை. குளம்புச் சத்தம் மட்டும். எங்கள் வேலி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது.

மரியாதைதான். எனக்கு என்னவோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டு தேய்ந்து மறைகிறவரை நின்றார். அவர் உதடு இறுக மூடியிருந்தது.

மார்ச் 6

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தினமும் பாட வையுங்க. மூளையில அந்த ஒரு வழிதான் திறந்திருக்கு. நடக்காத பாதையில புல் முளைச்சிடும்" என்றாள். துக்கம் என்றேன். புரியாமல் விழித்தாள்.

மாலை நோலனிடம் சொன்னேன். எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"தாத்தா செத்தப்ப அப்பா ஒரு வருஷம் அக்கார்டியனைத் தொடலக்கா. யாரும் சொல்லி இல்ல. அவரா செஞ்சது."

"அப்ப அவரால பேச முடிஞ்சுதுடா."

"இப்ப அவரு பாடணும்னு அவரு சொன்னாரா? கேட்டியா நீ?"

"எப்படிடா கேக்கறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைப் பார்த்தோம். அவர் தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

திருட்டு வேலை ஒன்று செய்தேன். வீட்டுக்குள்தானே கூடாது? பூசை முடிந்ததும் அப்பாவைக் காரில் ஏற்றி நண்டுக்குளத்துக் கரைக்குக் கூட்டிப் போனேன். ஆள் இல்லை. கொக்குகள் மட்டும். கார்க் கதவில் விரலால் தாளம் தட்டி மழைப் பாட்டை மெல்ல எடுத்தேன். என் குரல் கேவலமான குரல். இரண்டாவது அடியில் அப்பா திரும்பினார். உள்ளங்கையை என் வாய்மேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்துக்கொண்டே இருந்தார்.

வேண்டாம் என்கிறாரா? இல்லை, தன்னால் முடியவில்லை, கேட்கத் தாங்கவில்லை என்கிறாரா? துக்கம் காக்கிறாரா, அல்லது புல் முளைத்துவிட்டதா? இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான். வருஷம் முடிந்தால்தான் தெரியும். அதுவரை காத்திருந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் – அப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜூன் 7

சனிதோறும் நாங்கள் வாசித்த நடன அரங்கின் சொந்தக்காரர் வில்பர்ட் என்னைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமைய இன்னும் எத்தனை நாளைக்குக் காலியா வெச்சிருப்பேன், சொல்லு கண்ணு. ஜனங்க ஆட வராங்க. உக்காந்து பியர் குடிச்சிட்டுப் போறாங்க." வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டாராம். நோலனிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னான்.

ஜூலை 19, சனி

வெக்கை. பின்னறையில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் சத்தம். போய்ப் பார்த்தால் நோலன் தரையில் உட்கார்ந்து அக்கார்டியனை மடியில் வைத்திருக்கிறான். எந்தப் பொத்தானையும் தொடவில்லை. காற்றுப் பொத்தானை மட்டும் அழுத்தி, துருத்தியை இழுத்து, மூடி, இழுத்து. ஸ்வரம் கிடையாது. வெறும் மூச்சு.

என்னைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. "மூடியே வெச்சிருந்தா மடிப்பு விறைச்சுப் போயிடும். அதான். இது வாசிக்கறது இல்லக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

ஆனால் அவன் கை வால்ட்ஸ் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அப்போது அப்பா கோலை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் அவன் எதிரில் நின்றார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். நோலன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அக்கார்டியனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான்.

ஆகஸ்ட் 30

அப்பா இளைத்துக்கொண்டே போகிறார். அத்தை வந்து சட்டியைக் கிளறிப் பார்த்தாள். "நீ வெச்ச கம்போக் குழம்பைத் தின்னா கல்லுகூட வாயைத் திறந்து திட்டும். எந்தம்பி திட்டாம இருக்கானே, அவன் காக்கறதுதான் துக்கம்!" சிரித்துவிட்டேன். எத்தனை மாதம் கழித்து! அத்தையும் சிரித்தாள், பிறகு ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 27

இரண்டாவது தடவை பக்கவாதம். இப்போது வலப்பக்கம் முழுதும். டாக்டர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 1, சனி

அனைத்துப் புனிதர் நாள். அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன், செவந்திப் பூ வைத்தேன். எல்லாக் குடும்பமும் கூட்டமாக வந்திருந்தது. நான் மட்டும் தனியாக. நோலன் அப்பாவிடம்.

நவம்பர் 6, வியாழன்

எழுத வேண்டும். இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையிலிருந்து அப்பா தலையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீரா? போர்வையா? பாதிரியாரா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் கத்திவிட்டேன். "என்னதான்பா வேணும், சொல்லித் தொலையேன்!" இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

நோலன் எழுந்து போனான். அக்கார்டியனோடு வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து, காற்றுப் பொத்தானை அழுத்தித் துருத்தியை இழுத்தான். ஸ்வரமில்லாத அந்த மூச்சு. ஒன்று இரண்டு மூன்று. ஒன்று இரண்டு மூன்று.

அப்பாவின் தலை நின்றது. உதடு அசைந்தது. இடப்பக்கம் மட்டும். சத்தம் இல்லை. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். சொற்கள். வரிசையாக, அடி பிசகாமல்.

"நோலன், நிறுத்தாதே. பாடறார்."

"என்னது?"

"சக்கரம். சக்கரப் பாட்டு."

அவன் கை தளர்ந்தது. உதடும் நின்றது. மறுபடி இழுத்தான், மறுபடி ஆரம்பித்தது. நான் "எங்க?" என்றேன். அம்மா குரலில் வந்தது. இடக்கை மெதுவாக நகர்ந்து இடுப்புக்குக் கீழே போனது. புரட்டிப் பார்த்தோம். படுக்கைப் புண். உள்ளங்கை அகலத்துக்கு. நானே தினமும் துடைத்துவிடுகிறேன், முழுக்கப் புரட்டாததால் பார்த்ததில்லை. அந்தப் பக்கம்தான் படுக்க வைப்பேன்.

நர்ஸ் வந்து கட்டுப் போட்டு ஊசி போட்டாள். அதற்குப் பிறகு மழைப் பாட்டு. காப்பியில் துணியை நனைத்து நாக்கில் சொட்டினேன்.

நோலன் முற்றத்தில் போய் நின்றுகொண்டான். "ஜூலையில என் முன்னாடி வந்து நின்னாரே" என்றான். "நான் தலையைத் தூக்கவே இல்லக்கா."

அப்படியானால் இத்தனை மாதமும் எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. சத்தத்தை மட்டும் அவர் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். குரலும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன், குளத்தங்கரையில் என் வாய்மேல் இருந்ததை.

நவம்பர் 8

விடிவதற்குள் போய்விட்டார்.

நவம்பர் 10

அம்மா பக்கத்தில். கோயில் நிறைய வாத்தியக்காரர்கள், வெறுங்கையோடு.

ஜனவரி 14, 1987, புதன்

அம்மாவுக்கு வருஷப் பூசை. அத்தை முக்கோணத்தின் கறுப்புத் துணியை அவிழ்த்தாள். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி அதே துணியில் சுற்றினாள்.

"உங்கம்மா ஒலித்துக்கு முடிஞ்சுது. உங்கப்பா ஆல்சிடுக்கு நவம்பர்வரைக்கும் இருக்கு."

போன வருஷம் என்றால் சண்டை போட்டிருப்பேன். நோலன் என் முகத்தைப் பார்த்தான். நான் துணியின் முடிச்சைச் சரி செய்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைக் கொட்டகையிலிருந்து நோலனின் அக்கார்டியன் விடும் அந்த மூச்சு. மடிப்பு விறைக்காமல் இருக்க. ஒன்று இரண்டு மூன்று.

எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. திரும்பினால் அவன் சமையலறை வாசலில், அக்கார்டியனை மார்போடு அணைத்தபடி. ஏதோ கேட்க வந்திருக்கிறான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் உதடு அசைந்துகொண்டிருக்கிறது. சத்தமில்லாமல். உடைந்த சக்கரம், பாதி வழி, இருட்டுகிற வானம்.

"எங்க?" என்றான் நோலன்.

கை சோப்பு நுரையோடு இருந்தது. தூக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.