அப்பா அடித்த ஆணி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் திட்டும் எப்படி இருக்கின்றன?

நீங்கள் இங்கே வேலை பார்த்தபோது தங்கிய தெருவுக்குப் போனேன். பழைய சுவர்களுக்கெல்லாம் பவுடர் பூசி, பணக்காரர்களின் கடைவீதியாக்கிவிட்டார்கள். உங்கள் அறை இப்போது ஓட்டல். கதவோரம் சட்டை மாட்ட நீங்கள் அடித்த ஆணிக்குக் கீழே, ‘அக்கால வணிகர்கள் விளக்கு மாட்டியது’ என்று ஒரு பலகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைக் கழற்றி அதில் மாட்டினேன்.

“தம்பி, நாலு பேர் சாப்பிடுற இடம். சட்டையப் போடு,” என்றார் காவலாளி.

“எங்கப்பா அடிச்ச ஆணிண்ணே. வேணும்னா அந்தப் பலகைய நீங்க மாட்டிக்குங்க.”

வெளியே தள்ளிவிட்டார். அடியெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். சட்டை அங்கேயே தொங்கட்டும். போய்க் கேட்க மாட்டேன்.

நான் வேலை பார்க்கும் பட்டறையில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உங்கள் சட்டை ஒன்றை அனுப்புங்கள். தோள் எனக்குச் சரியாக இருக்கும். தொப்பைக்கு விட்ட இடம்தான் காலியாகக் கிடக்கும்.

உங்கள் வாலு