பூமணி செய்த வண்டில்

கத்தரிக்கோலைக் கீழே வைக்கத் தெரியாத என் தங்கச்சி பூமணிக்கு,

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நீயும் கூட இருந்து சிரித்தாய். இன்று நானே எழுதுகிறேன். நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, அதை முழுதாக அனுபவிக்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். தில்லையண்ணை தோற்றுப்போனார். ஊர் பார்த்திருக்கத் தோற்றுப்போனார்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி, போன கிழமை முடிந்தது. சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லையென்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஐயர் சொன்ன எதையும் விடாமல் செய்தேன். ஏனென்று கேட்கிறாயா? அந்தியேட்டிக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப்போக எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஏலாது. பெரியம்மாவின் மூத்த மகன் தில்லையண்ணைக்கு அறவே ஏலாது. எனக்கு அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் இருத்திவைக்க வேண்டியிருந்தது.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

வெளிநாட்டு இனிப்புகள் வராமல் நின்ற காலத்தில் தில்லையண்ணை கொழும்பில் இனிப்புச் செய்யத் தொடங்கினார். தோடம்பழ இனிப்பும் பல்லிமுட்டை என்கிற சின்ன உருண்டை இனிப்பும். திருவிழாவுக்கு எங்கள் மடத்துவெளிக்கு வந்தவர், நீ மட்டையில் வெட்டி வைத்திருந்த சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, சின்னனுகள் கண்டால் அதுதான் வேணுமெண்டு நிண்டு அழவேணும். அப்பிடி ஒரு பெட்டி செய்து தா" என்றார்.

நீ முதலில் வள்ளம் செய்தாய். ஒழுங்கைப் பிள்ளைகள் அதை வாளித் தண்ணீரில் விட, மட்டை ஊறி, இனிப்பு பாணியாகி, வள்ளம் தாண்டுபோனது. பிறகு ஒரு கோழி. அதற்குக் கழுத்து நிற்கவில்லை. கடைசியில்தான் வண்டில். பெட்டியின் அடிமட்டையில் இரண்டு வட்டம். பெருவிரலால் தள்ளினால் அவை கழன்று சில்லுகளாகும். பக்கத்துத் துளைகளில் ஈர்க்கைச் செருகினால் அச்சு. முன்னால் ஒரு நூல்.

அடி கழன்றால் இனிப்பெல்லாம் கொட்டுப்படுமே என்று கேட்டேன். "அதுக்குத்தான் அக்கா. வண்டில் ஓட்ட அவதிப்படுறவன் இனிப்பை எல்லாருக்கும் குடுத்து முடிப்பான்" என்றாய்.

அப்படியேதான் நடந்தது. கையில் கிடைத்ததை ஒளித்துவைத்துத் தின்கிற பிள்ளைகள், ஒருவர் வாயில் ஒருவர் தீத்தி, பெட்டியை வெறுமையாக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் படித்ததிலோ படிப்பித்ததிலோ அப்படியொரு காட்சியைக் காணவில்லை.

பசை ஒரு பொட்டும் வைக்கமாட்டேன் என்று நின்றாய். பசைக்குக் கரப்பான் வரும், கரப்பான் ஓடிய பெட்டியில் பிள்ளைகள் தின்பதோ என்றாய். மட்டையின் ஒரு நாக்கை மற்ற வெட்டுக்குள் கொடுத்து, அரைவாசி திருப்பிப் பூட்டும் வழியைக் கண்டுபிடித்தாய். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் உன் குசினி வாசலில் குந்தியிருந்து அதைப் பழகினார்கள்.

அவரிடம் நீ கேட்டது ஒன்றுதான். அடியில், சின்ன எழுத்தில், உன் பேர்.

அவர் கதிரையில் சாய்ந்திருந்து சிரித்தார். "பொம்பிளைப் பிள்ளையின்ர பேரைச் சின்னனுகள் தெருத்தெருவாய் இழுத்துக்கொண்டு திரியிறதோ? ஊர் என்ன கதைக்கும்?" அவன் சொல்கிறது சரிதானே என்று அம்மாவும் தலையாட்டினா. நீ குனிந்து மட்டைத் துண்டுகளைப் பொறுக்கினாய். நான் பேசினேன், என்னை ஆர் கேட்டார்கள்?

பிறகு கொழும்பில் ஒரு கண்காட்சியில் அந்தப் பெட்டிக்குப் பரிசு கிடைத்தது. அண்ணை பத்திரிகையில் நிறையக் கதைத்திருந்தார். சின்ன வயதில் பனங்காய் வண்டில் ஓட்டியது நினைவில் வந்ததாம். தானே இருந்து கீறினாராம், தானே மடித்துப் பார்த்தாராம். அதை வாசித்துவிட்டு நீ எழும்பிப்போய்க் கத்தரிக்கோலை அலுமாரிக்குள் வைத்தாய். கீழே வைக்கத் தெரியாதவள், வைத்தாய். அதற்குப் பிறகு பழைய கலண்டர் மட்டை ஒன்றைக்கூட நீ வெட்டி நான் காணவில்லை.

உன்னைக் கொண்டுபோன இருதய வருத்தத்துக்கு அவர் காரணமில்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்லப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பழக்கவில்லை. ஆதாரமுள்ள குற்றம் ஒன்று இருக்க, இல்லாதது எனக்கெதற்கு?

நீ போன செய்தி கேட்டதும், உன் கல்வெட்டைத் தானே கொழும்பில் நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுவருவதாக அண்ணை சொல்லியனுப்பினார். குடும்ப விளக்கு, அடக்கமான பெண் என்று பாட்டும் படமுமாய், அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். வேண்டாம், இங்கேயே அச்சுக்குக் கொடுத்தாயிற்று என்று மறுமொழி அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடக்காரர் நான் நீட்டிய உன் வண்டிலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கல்வெட்டை ஆரும் பெட்டியாய் அடிக்கிறவையோ?" என்று கேட்டார். நான் அடிக்கிறனான் என்றேன். பொதிகளைப் பஸ்ஸில் ஏற்றி, தீவுக்கு வருகிற கடற்பாலம் முழுக்கக் காற்றுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்தியேட்டியன்று அண்ணை முதல் பந்தியில், நடுவில். கல்வெட்டு எங்கே என்று எல்லாரும் பார்த்திருக்க, ஆளுக்கொரு மடிக்காத தட்டை மட்டையும் ஒரு கடதாசிச் சரை பல்லிமுட்டையும் கொடுத்தேன். மட்டையின் இரண்டு பக்கத்திலும் பெரிய எழுத்தில்: பூமணி செய்த வண்டில்.

அண்ணை வாசித்தார். முகம் கறுத்தது. இலையில் சோறு போட்டாயிற்று, எழும்ப வழியில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. "அண்ணை, நீங்கள் கண்டுபிடிச்ச பெட்டியெண்டுதானே பேப்பரில போட்டவை. சனத்துக்கு மடிக்கத் தெரியேல்லை. ஒருக்கா மடிச்சுக் காட்டுங்கோ" என்றேன்.

பந்தி முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் மட்டையை இப்படி மடித்தார், அப்படி மடித்தார். நாக்கு எந்த வெட்டுக்குள் போகிறதென்று பிடிபடவில்லை. அவருடைய தொழிற்சாலையில் உன் பூட்டுக்கு நேரமில்லையென்று பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில், நெற்றி வேர்த்துக்கொண்டு, "இதுக்குப் பசை எங்கை?" என்று கேட்டார்.

பந்தியின் கடைசியில் இருந்த அன்னம்மாக்கா, உனக்கு மீன் கொண்டுவருகிற அதே அன்னம்மாக்கா, இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "பூமணி பசை வைக்கிறேல்லைத் தம்பி. கரப்பான் வரும்."

அந்தியேட்டி வீட்டில் சிரிக்கக்கூடாது. ஒருவரும் சத்தமாய்ச் சிரிக்கவில்லை. அது இன்னும் நல்லாயிருந்தது. அவருடைய பேத்தி அவரின் கையிலிருந்து மட்டையை வாங்கி, வாசலில் நின்ற, உன்னிடம் பூட்டுப் பழகியவர்களிடம் கேட்டு மடித்துக்கொண்டு, "அப்பப்பா, உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள். அவர் மோரை ஊற்றச் சொன்னார்.

பின்னேரம் மடத்துவெளி ஒழுங்கையெல்லாம் வண்டில். உன் பேரைச் சின்னனுகள் தெருத்தெருவாய் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். ஊர் கதைத்தது. அவர் சொன்னது இரண்டும் நடந்தது.

இது உனக்குப் பிடித்திருக்குமோ? போதும் அக்கா, விடு என்று சொல்லியிருப்பாய். நீ விடுகிறவள். நான் விடமாட்டேன், அதற்காக வெட்கப்படவும் மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அவர் உயிரோடு இருக்கும்வரை, உன் ஒவ்வொரு திவசத்துக்கும் கொழும்பு வீட்டுக்கு ஒரு வண்டில் போகும். சில்லுக் கழற்றாமல், மடிக்காமல், தட்டையாக. பசை வைக்காமல்.

இம்முறையும் உனக்காக வாய் மூடாத,
உன் ஒரே அக்கா